குருந்தம்: ஒரு கலைச்சொல்லின் பூர்வீகம்

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்களைப் பட்டியலிடுவது நம்மவர்களின் நெடுநாளைய பொழுதுபோக்குகளில் ஒன்று. கட்டுமரம், சுருட்டு, கறி, மிளகுத்தண்ணீர், வெட்டிவேர் என்று அந்தப் பட்டியல் நீளும். கூர்ந்து பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை அடுப்பங்கரையிலும் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் புழங்கிய சொற்கள் என்பது விளங்கும். வந்தவன் உண்டதற்கும் ஏறியதற்கும் வாங்கியதற்கும் இங்கிருந்த பெயரையே எடுத்துக்கொண்டான். ஆனால், உலகெங்கும் அறிவியல் நூல்கள் இன்றும் மாற்றாமல் வழங்கும் துறைச்சொல் ஒன்று இந்த மண்ணிலிருந்து சென்றிருக்கிறது. அது பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று ஒலிக்கும் அச்சொல்லின் பிறப்பையும் பயணத்தையும் பற்றியதே இக்கட்டுரை. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கிறவர்களுக்கு இதில் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. காரணம் பின்னால் வரும்.

முதலில் பொருள். கொரண்டம் என்பது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு கனிமம். இரண்டு பங்கு அலுமினிய அணுவுக்கு மூன்று பங்கு ஆக்சிஜன் அணு. கூட்டுப்பொருளாக வேறொன்றும் இல்லை. 1812இல் பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தினார். அதில் பத்தாம் இடம் வைரத்துக்கு, ஒன்பதாம் இடம் கொரண்டத்துக்கு. சாதாரணக் கல்லைவிடக் கனமானது. நீரைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு எடை. ஆறு பட்டைகளோடு, நடுவில் பருத்த பீப்பாய் வடிவில், பழுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ மண்ணில் கிடக்கும். பார்வைக்கு அழகில்லாத கல். இதே கனிமத்தில் சிறிதளவு குரோமியம் கலந்து, ஒளி ஊடுருவும்படி அமைந்துவிட்டால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். நவமணிகளில் இரண்டும் உலோகம் அறுப்பவனின் பட்டறைக் கல்லும் ஒரே தாயின் பிள்ளைகள்.

இனி சொல்லுக்கு வருவோம். ஆங்கில அகராதிகள் கொரண்டத்துக்கு மூலமாகத் தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லைக் காட்டி, வடமொழிக் 'குருவிந்த'த்தை உறவாகக் குறிக்கின்றன. நம் அகராதிகளில் 'குருந்தக்கல்' என்ற சொல் உண்டு. ஆனால் தமிழ் படித்தவர்களுக்குக் குருந்தம் என்றதும் கல் நினைவுக்கு வருவதில்லை, மரமே வருகிறது. காட்டு எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த குருந்து, குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களுள் ஒன்று. கண்ணன் ஒசித்ததும் குருந்தமே. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்டதும் குருந்த மரத்தடியில்தான். மாணிக்கம் என்ற பெயரைத் தாங்கியவர் குருந்தத்தின் கீழ் அமர்ந்தார் என்பது கேட்க இனிக்கிறது. ஆனால் மரமும் கல்லும் ஒலியால் ஒன்றுபட்டவை என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சொல்லாராய்ச்சியில் இனிக்கின்ற இடங்களில்தான் சற்று நின்று கடக்க வேண்டும்.

கல்லின் தடம் வேறிடத்தில் கிடைக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணி விற்கும் வீதியைப் பார்த்துச் செல்கிறான். இளங்கோவடிகள் அங்கே ஒவ்வொரு மணியின் வகையையும் குணத்தையும் குற்றத்தையும் ஒரு வணிகனின் நுட்பத்தோடு சொல்கிறார். மாணிக்கத்தின் வகைகளுள் ஒன்றாக 'விந்தம்' வருகிறது. அடியார்க்கு நல்லார் அதைக் குருவிந்தம் என்று கொள்கிறார். ஆக, குருவிந்தம் என்பது மணிநூலாரின் சொல், உயர்ந்த கல்லின் பெயர். குருந்தக்கல் என்பது பட்டறையின் சொல், உழைக்கும் கல்லின் பெயர். இரண்டும் ஒரே கனிமத்தைக் குறிப்பதை 19ஆம் நூற்றாண்டின் வேதியியல்தான் உறுதி செய்தது. அப்படியானால் முன்னோர் அதை முன்பே அறிந்திருந்தார்களா? வேதியியலாக அறிந்திருக்க வழியில்லை. ஆனால் கல்லைக் கல்லால் தேய்த்தே வாழ்ந்தவர்களுக்கு, எது எதைக் கீறும், எது எதற்குப் பணியும் என்பது கை அறிந்த செய்தி. அந்த அறிவு பெயர்களின் நெருக்கத்தில் படிந்திருக்கலாம் என்று எண்ண இடமுண்டு.

கொங்குநாட்டில் மணித்தொழில் எத்தனை பழையது என்பதற்குக் கொடுமணலே சான்று. நொய்யல் கரையில் சென்னிமலைக்கு மேற்கே உள்ள அவ்வூரில் 1980களிலிருந்து நடந்த அகழாய்வுகளில், கல்மணிகள் செய்த பட்டறைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன. முடிந்த மணி, முடியாத மணி, துளையிடும்போது உடைந்த மணி, கழித்த சில்லு என்று ஒரு தொழிலின் எல்லாப் படிகளும் அங்கே கிடைத்தன. பதிற்றுப்பத்து அணிகலனுக்காகப் புகழும் கொடுமணம் இதுவே என்பது ஆய்வாளர்கள் கருத்து. கடினக் கல்லை மெருகேற்ற அதைவிடக் கடினமான கல்லின் பொடி வேண்டும். குருந்தத்தைப் பொடித்து அரக்கோடு குழைத்து வட்டாகச் செய்து, வில்லால் சுழற்றுவது இந்நாட்டுக் கைவினைஞர் கண்ட சாணை. கத்திக்குச் சாணை பிடிக்கத் தெருவில் வந்தவரின் சக்கரம் அந்த மரபின் பிற்காலக் கிளை.

*

இச்சொல் ஐரோப்பாவுக்குப் போன கதையில் தமிழனின் பெருமிதத்துக்குச் சில சிக்கல்கள் காத்திருக்கின்றன. அவற்றை மறைக்காமல் சொல்வதே முறை.

முதல் சான்று பிரெஞ்சுப் பயணி தெவெனோவினுடையது. 1660களில் கோல்கொண்டா நாட்டில் பயணம் செய்த அவர், அங்கே கிடைக்கும் வெண்ணிற எமரிக் கல்லைத் தெலுங்கு மொழியில் 'கொரிந்து' என்பதுபோல் ஒலிக்கும் பெயரால் அழைப்பதாகக் குறித்தார். தமிழ் அல்ல, தெலுங்கு என்றே அவர் எழுதியிருக்கிறார்.

அடுத்தது ஆங்கிலேயரான ஜான் உட்வர்டு. இவர் தாம் சேகரித்த கற்களுக்கும் புதைபடிவங்களுக்கும் எழுதிய பட்டியல் 1720களில் அச்சேறியது. அதில் இந்தியாவிலிருந்து போன இரண்டு கற்கள் இருக்கின்றன. ஒன்றை 'நெல்ல கொரிவிந்தம்' என்றும், மற்றொன்றை 'தெல்ல கொரிவிந்தம்' என்றும் சொல்லத்தக்க எழுத்துக்கூட்டலில் பதிந்திருக்கிறார். முன்னது நெல் விளையும் வயல்களில் கிடைக்கும், வயல் எலிகள் வளை பறிக்கும்போது மண்ணோடு வெளியே தள்ளும், இரும்பை மெருகிட உதவும் என்கிறது குறிப்பு. பின்னது புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து சென்றது. மாணிக்கத்தையும் வைரத்தையும் மெருகிடப் பயன்படுவது.

அவசரமான தமிழ்க் காது 'நெல்ல' என்பதில் 'நல்ல'வையோ 'நெல்'லையோ கேட்டு மகிழும். வயலும் எலியும் அருகிலேயே இருப்பதால் நெல் என்று சாதிக்கவும் தோன்றும். ஆனால் பக்கத்திலுள்ள 'தெல்ல' அதைத் தடுக்கிறது. தெலுங்கில் நல்ல என்றால் கருப்பு, தெல்ல என்றால் வெள்ளை. கருங்குருவிந்தம், வெண்குருவிந்தம் என்பதே பொருள். சொல்லைச் சொன்னவர் தெலுங்கு பேசியவர் என்பதில் ஐயமில்லை.

இதற்குப் பின்தான் நம் சமவெளி வருகிறது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனியாரிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவருக்குத் துணையாகத் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி விதிக்க வந்தார்கள். நிலம் கைமாறியதும் அதில் என்ன விளைகிறது, என்ன புதைந்திருக்கிறது என்ற விசாரணையும் தொடங்கிவிடும். அதே காலத்தில் இலண்டனில் சார்லஸ் கிரெவில் என்ற பிரபு குடும்பத்துக் கனிமச் சேகரிப்பாளர், இந்தியாவிலிருந்து வரும் இந்தக் கடினக் கல் எந்த ஊரில் எடுக்கப்படுகிறது என்று இங்கிருந்த கம்பெனி அதிகாரிகள் மூலம் தேடிக்கொண்டிருந்தார். 1798இல் அரச கழகத்தின் ஏட்டில் ஆசியாவின் கொரண்டக் கல்லைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். ஐரோப்பிய வேதியியலார் அதுவரை வைரத்தோடு தொடர்புபடுத்தும் பெயர்களால் வழங்கிவந்த பொருளுக்கு, அது பிறந்த நாட்டில் வழங்கும் பெயரையே அவர் நிலைநிறுத்தினார். அக்கட்டுரையில் கல் எடுக்கும் இடமாக 'பெர்மெட்டி' என்ற ஊர் வருகிறது. அது நம்முடைய பரமத்தி.

கிரெவிலின் சேகரத்தை ஆராய்ந்தவர் பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்த பூர்னோன் பிரபு. 1802இல் அவர் படிக வடிவங்களை அளந்தும், ரிச்சர்டு செனெவிக்ஸ் வேதியியல் முறையில் பகுத்தும், கீழைநாட்டு மாணிக்கமும் நீலமும் இந்தப் பழுப்புக் கல்லும் ஒன்றே என்று காட்டினார்கள். குருந்தம் பொதிந்திருந்த வெண்ணிறத் தாய்க்கல்லையும் பூர்னோன் விட்டுவைக்கவில்லை. அதற்கு 'இந்தியனைட்' என்று பெயரிட்டார். பின்னாளில் அது அனார்த்தைட் என்ற கனிமமே என்று தெரிந்தபோது அப்பெயர் வழக்கொழிந்தது. கிரெவில் 1809இல் இறந்தார். அவருடைய கற்களை 1810இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது.

இப்போது மூன்று வடிவங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கலாம். உட்வர்டு பதிந்த வடிவத்தில் வகரம் இருக்கிறது. அது தெலுங்கின் குருவிந்தம். கிரெவில் நிலைநிறுத்திய வடிவத்தில் வகரம் இல்லை. அது தமிழின் குருந்தத்தோடு அப்படியே பொருந்துகிறது. தமிழே மூலம் என்று அகராதிக்காரர்கள் சொல்வதற்கு இந்த நெருக்கம் துணை நிற்கிறது. ஆயினும் தெவெனோவின் வடிவத்திலும் வகரம் இல்லை. வட இந்திய மொழிகளிலும் 'குரண்டு' போன்ற வடிவம் வழங்குகிறது. ஆகவே வகரம் ஒன்றை வைத்துத் தீர்ப்பெழுதிவிட முடியாது.

இன்னும் ஆழத்துக்குப் போனால் குருவிந்தமே எம்மொழிச் சொல் என்ற கேள்வி எழும். தொல்காப்பிய உரியியல் 'குரு' என்பதற்கு நிறம் என்று பொருள் சொல்கிறது. குருதி அதன் பக்கத்திலேயே நிற்கிறது. சிவந்த மணிக்குக் குருவிந்தம் என்று பெயர் வர வேறென்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றும். தோன்றுவதில் பிழையில்லை, அதையே முடிவாக எழுதிவிடுவதுதான் பிழை. 'விந்தம்' என்ற பிற்பகுதிக்கு விளக்கம் தராமல் முற்பகுதியை மட்டும் உரிமை கொண்டாடுவது, வீட்டின் ஒரு சுவரைக் காட்டிப் பத்திரம் பதிவதைப் போன்றது. தென்னாட்டில் புழங்கிய பழஞ்சொல். தெலுங்கிலும் தமிழிலும் வாழ்ந்தது. ஆங்கிலத்தில் நிலைபெற்ற வடிவம் தமிழ் வடிவத்துக்கு மிக நெருக்கமானது. நிலைபெறச் செய்த கட்டுரையில் நம் ஊரின் பெயர் உண்டு. சான்றுகள் தாங்குவது இவ்வளவே. என்னைக் கேட்டால் இதுவே போதுமான பெருமை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேரம் பேசும் சமவெளி இது. இங்கிருந்து புறப்பட்ட சொல்லுக்கு ஒற்றைத் தாய்மொழியைத் தேடுவது இவ்வூர்களின் இயல்புக்கும் பொருந்தாது.

*

பரமத்திக்கு அருகிலுள்ள சித்தம்பூண்டியைச் சுற்றிய நிலத்தைப் பார்த்தால் உட்வர்டின் எலிகள் ஏன் அந்த வேலையைச் செய்தன என்பது புரியும். குருந்தம் பொதிந்த வெள்ளைப் பாறை வெயிலிலும் மழையிலும் நாளடைவில் உதிர்ந்து மண்ணாகிவிடும். உள்ளிருக்கும் குருந்தம் உதிராது. கடினம் மிகுந்த படிகங்கள் தனித்தனியே மண்ணில் தங்கிவிடும். ஏர் புரட்டினாலும் மழை அரித்தாலும் எலி பறித்தாலும் அவை மேலே வரும். கண்டெடுக்கக் கருவி வேண்டாம், கண் போதும்.

அந்த வெள்ளைப் பாறைக்குப் பெயர் அனார்த்தோசைட். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஏ. பி. சுப்ரமணியம் என்ற நிலவியலாளர் 1956இல் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பற்றி அமெரிக்க நிலவியல் சங்கத்தின் ஏட்டில் விரிவாக எழுதி, அதை உலகறியச் செய்தார். அப்போலோ விண்வெளி வீரர்கள் 1969 முதல் கொண்டுவந்த கற்களை ஆராய்ந்தபோது, நிலவின் மேட்டுநிலங்கள் பெரிதும் இதே வகைப் பாறையால் ஆனவை என்று தெரியவந்தது. அதன் பயனாக ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களின் துணையோடு சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களின் பாறையைப் பொடித்து அதை உருவாக்கினார்கள். சந்திரயான் 2 கலத்தின் தரையிறங்கி 2019 செப்டம்பரில் நிலவில் மோதி வீழ்ந்தது. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியது. நாமக்கல் பாறையின் பொடியில் பழகிய பிறகே நம் ஊர்தி நிலவில் நடந்தது.

சொல்லும் சும்மா இருக்கவில்லை. 1891இல் எட்வர்டு அச்சிசன் என்ற அமெரிக்கர் மின் உலையில் ஒரு புதிய கடினப் பொருளைக் கண்டார். அது கார்பனும் கொரண்டமும் சேர்ந்தது என்று தவறாகக் கருதி இரு சொற்களையும் ஒட்டிக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த கூட்டு. குருந்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியபோது, பரமத்தியிலிருந்து போன சொல் அமெரிக்க வால் ஒன்றை மாட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குத் திரும்பியது. 1902இல் வெர்னூய் என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கை மாணிக்கம் செய்யும் முறையை வெளியிட்டார். பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சக்கரங்களின் அச்சைத் தாங்கும் அந்தச் சிவப்புக் கற்கள் செயற்கைக் குருந்தமே. அப்பாவின் கையில் கட்டியிருந்த கடிகாரத்துக்குள்ளும் இந்தச் சொல் ஓடிக்கொண்டிருந்தது.

*

இங்கே சேலத்தின் இன்னொரு வரலாற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1916இல் சேலத்தில் வழக்கறிஞராக இருந்த ராஜாஜி, வெங்கடசுப்பையரோடு சேர்ந்து அறிவியல் சொற்களுக்குத் தமிழ் காண ஒரு சங்கம் நிறுவி, அதற்கென ஏடும் நடத்தினார். வேதியியலையும் நிலவியலையும் தமிழில் சொல்ல முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் அமைப்பாகக் கூடி விடை தேடிய முதல் முயற்சிகளுள் அது ஒன்று. ராஜாஜி பிற்காலத்தில் 'திண்ணை ரசாயனம்' எழுதியதற்கான வித்தும் இதுவே எனலாம். ஆங்கிலக் கலைச்சொல்லை எதிரே வைத்துக்கொண்டு அதற்கு ஈடான தமிழை அவர்கள் தேடிய அதே மாவட்டத்தில், ஆங்கிலம் இங்கிருந்து எடுத்துக்கொண்ட கலைச்சொல் ஒன்று வயலில் கிடந்தது.

கலைச்சொல் விவாதம் அன்றிலிருந்து இன்றுவரை இரண்டு கட்சிகளாகவே நடக்கிறது. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வோம் என்பது ஒன்று, புதிதாக ஆக்குவோம் என்பது மற்றொன்று. மூன்றாவது வழியைக் குருந்தம் காட்டுகிறது. முதலில் தொழிலாளியின் வாயில் என்ன இருக்கிறது என்று கேட்பது அது. அப்படிக் கேட்காத காரணத்தால்தான், ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றிக் 'கொரண்டம்' என்று எழுதி, நம் சொல்லை நாமே அயலாரிடம் கடன் வாங்குகிறோம். பரமத்தியிலிருந்து பேருந்தேறி வரும் மாணவன் அதை ஓர் அயல்நாட்டுப் பொருளின் பெயராக நினைத்து மனப்பாடம் செய்கிறான். அவன் ஊர்க் காட்டில் அவன் காலில் இடறிய கல்லுக்கும், அவன் தேர்வில் எழுதும் சொல்லுக்கும் இடையே ஒரு பாலம் இருக்கிறது என்பதை அவனுக்குச் சொல்ல ஆளில்லை. வேதியியல் ஆசிரியருக்குச் சொற்பிறப்பு பாடமல்ல. தமிழாசிரியருக்குக் கனிமம் பாடமல்ல. இரு வகுப்புகளுக்கும் நடுவே உள்ள சுவரில்தான் இந்தச் சொல் சிக்கியிருக்கிறது.

ஒரே மாவட்டத்துக் கற்களுக்கு எத்தனை விதமாகப் பெயர் வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் இச்சொல்லின் அருமை இன்னும் தெளிவாகும். ஏற்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் அடக்கமான கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறையை அத்தகைய பாறையால் எழுப்பியிருந்ததால், 1893இல் தாமஸ் ஹாலந்து அப்பெயரைச் சூட்டினார். சேர்வராயன் மலையை ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் பெயரை அது சுமக்கிறது. சேலம் நகருக்கு வெளியே வெள்ளைக்கல் எடுக்கும் குன்றுகளை ஆங்கிலேயர் 'சாக் ஹில்ஸ்' என்றார்கள். அங்கே இருப்பது சுண்ணக்கட்டி அல்ல, மேக்னசைட். ஒன்று அதிகாரியின் பெயர், மற்றொன்று நிறத்தைப் பார்த்து இட்ட பிழையான பெயர். குருந்தம் மட்டுமே கல்லைக் கையில் எடுத்துப் பயன்படுத்தியவர்கள் இட்ட பெயரோடு உலக ஏட்டில் ஏறியது.

அவர்கள் யார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை. கிரெவிலின் பெயர் இருக்கிறது. பூர்னோனின் பெயர் இருக்கிறது. பரமத்தி வயலில் குனிந்து இந்தக் கல்லைப் பொறுக்கியவர், அதை அரக்கில் குழைத்துச் சாணை வட்டாக்கியவர், கம்பெனிக்காரரிடம் அதன் பெயரைச் சொன்னவர், ஒருவரும் பதிவாகவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற கையெழுத்து இந்த ஒரு சொல்தான். நம் பாடநூல்களில் அதைச் சரியாக எழுதுவதற்கு ஆராய்ச்சி நிதியோ அரசாணையோ தேவையில்லை. கொரண்டம் என்ற இடத்தில் குருந்தம் என்று எழுதி, பக்கத்தில் சித்தம்பூண்டி என்று ஓர் ஊர்ப்பெயரைச் சேர்த்தால் போதும்.